மணல் ஓடுகிற ஊருக்குப் பணம்

தேரிக்காட்டு மடத்துக்குப் பலவேசம் வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். வாசலில் நின்று செருப்பை உதறினார், செம்மணல் கொட்டியது. முகத்தைத் துடைத்தார், கைக்குட்டை சிவந்து போனது. அந்தச் சீமையில் மணல் அப்படித்தான். மேடு மேடாகக் குவிந்து கிடக்கும், தேரி என்பார்கள். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் இடம்விட்டு இடம் நகரும். போகிற வழியில் தோட்டம் இருந்தாலும் சரி, வீடு இருந்தாலும் சரி, மூடிவிட்டுப் போகும்.

அதைப் பிடித்து நிறுத்துவதற்காக அரசாங்கம் ஊர்களுக்குப் பணம் கொடுத்து வந்தது. எந்த ஊருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்து எழுதுவது பலவேசத்தின் உத்தியோகம். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி.

மடத்தில் இருந்தவள் பிரம்மசக்தி அம்மா. பலவேசத்தின் மூத்த மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் மனசு குழம்பினால் அவர் போய் நிற்கிற இடம் அதுதான். தலை நரைத்த சீடன் என்று ஆபீசில் கேலி பேசினார்கள். பேசட்டுமே என்று விட்டுவிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை அம்மா என்பார். இருவருக்கும் அது பழகிப் போயிருந்தது.

அம்மா கொழுஞ்சிச் செடியின் காய்ந்த நெற்றுகளை உடைத்து விதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீயளா அண்ணாச்சி?"

"பசிக்கல அம்மா."

"அப்ப பெரிய சங்கதிதான். உக்காருங்க."

உட்கார்ந்தார்.  பிறகு சொன்னார்.

"காலையில ஆனைவிளை ஊர்க்காரங்க என் வீட்டுக்கு வந்திருந்தாவ. ஒரு ஓலைக்கொட்டான் கருப்பட்டி கொண்டாந்திருந்தாவ."

"என்ன கேட்டாவ?"

"மேக்க உள்ள மரத்துல எந்தப் பக்கத்தை வெட்டிச் சாய்ச்சா, மேலிடத்துலேருந்து பார்வையிட வாற ஆபீசர் கண்ணுல சட்டுனு படும்னு கேட்டாவ."

அம்மாவின் கை நின்றது.

"மரியாதையாத்தான் கேட்டாவ அம்மா. கல்யாணத்துக்கு நாள் குறிச்சுக் குடுங்கன்னு கேப்பாங்களே, அந்த மாதிரி கேட்டாவ."

சிரிக்க வேண்டிய விஷயம்தான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆனைவிளைக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுடைய பாட்டன்மார் பனையும் உடைமரமும் கொல்லாமரமும் வைத்து மணலை நிறுத்தினார்கள். பேரன்மார் அதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். இப்போது கிணறு தூர்ந்துவிட்டது. பழைய மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. புதுக் கன்று வைத்தால் ஊற்றத் தண்ணீர் இல்லை. பணம் இருந்தால் எல்லாவற்றையும் சரிபண்ணிவிடலாம். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. மணல் ஓடுகிற நிலத்துக்குத்தான் பணம். நின்றுவிட்ட நிலத்துக்குக் கிடையாது. ஒழுங்காக இருந்த பாவத்துக்கு அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

"இந்த யோசனை அவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சி?" என்று அம்மா கேட்டாள்.

"பூவரசன்விளையைப் பாத்துத்தான்."

"ஆனைவிளைக்காரங்களுக்கு நீங்க என்ன பதில் சொன்னீய?"

"நாளைக்கு வந்து சொல்லுதேன்னேன். இல்லைன்னு ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது அம்மா. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும். பூவரசன்விளைக்காரர்கள் இதேபோலப் பணம் கேட்டு வந்தபோதும் அவருக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. விதியைச் சொன்னார். அவர்கள் முகம் வாடியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "ஒங்க ஊர் மணல் ஓடட்டும், நானே முன்ன நின்னு வாங்கித் தாரேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு. அவர்கள் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை, வாக்காக எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஆனி கடைசியில் மேற்கு வரிசை மரங்களைச் சாய்த்தார்கள். ஒரே ஒரு காற்றுக்காலம் மணல் ஓடினால் போதும், பணம் வந்ததும் மறுபடி நட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள்.

பணம் என்னவோ சொன்னபடி வந்தது. விழா நடந்தது. பலவேசத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அம்மா விதையை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க, போயிட்டு வருவோம்."

"எங்க அம்மா?"

"பூவரசன்விளைக்கு."

"அங்க எதுக்கு? எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்ச இடத்துக்குப் போவ ஏன் பயப்படுதீய?"

பலவேசம் எழுந்தார். பின்னாலேயே நடந்தார்.

ஊர் எல்லையில் திட்டத்தின் பெயர் எழுதிய பலகை நின்றது. பாதி எழுத்து மணலுக்குள் போயிருந்தது. அதைத் தாண்டி அரசாங்கப் பணத்தில் நட்ட கன்றுகள். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கம்பு ஊன்றியிருந்தார்கள். கம்புகள் வரிசை பிசகாமல் நின்றன. கன்று ஒன்றைக்கூடக் காணோம். முருங்கைத் தோட்டம் இருந்த இடத்தில் நுனிக் கொப்புகள் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தன. பலவேசம் அதைப் பார்க்காததுபோல நடந்தார், முடியவில்லை.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் சுளகால் மணலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம். அந்த முருங்கைத் தோட்டம் அவளுடையது.  என்ன ஏச்சு ஏசினாலும் வாங்கிக்கொள்வது என்று பலவேசம் மனசைத் திடப்படுத்திக்கொண்டார்.

"அண்ணாச்சியா! மடத்து அம்மாவுமா! வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீய."

ஓடிப்போய் பிளாஸ்டிக் கேனிலிருந்து தண்ணீர் சாய்த்துக்கொண்டு வந்தாள். லாரியில் வருகிற விலைத் தண்ணீர். செம்பு நிறையக் கொடுத்தாள்.

"ஒங்க தயவுலதான் அண்ணாச்சி எங்க ஊருக்குப் பணம் வந்துச்சி. நீங்க சொன்னா சொன்னபடி செஞ்சுட்டீய. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

பலவேசம் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கிணறு எங்கம்மா இருந்துச்சி?" என்று பிரம்மசக்தி அம்மா கேட்டாள்.

"இந்தா, நீங்க நிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கெழக்க. அடியில கெடக்கு."

கத்தரிக்காய் எங்கே விற்கிறது என்று கேட்டால் சொல்வதைப்போலச் சொன்னாள். பிறகு பலவேசத்திடம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, மறுபடி ஒருக்கா பணம் வருமா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இப்ப மணலு முன்னைக்கு நல்லாவே ஓடுது."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால்கூட அழாத மனுஷன். செம்பைத் திண்டில் வைத்துவிட்டு, பதில் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார். தங்கபுஷ்பம் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வெளியே, சாய்க்காமல் விட்டுவைத்த ஒரு பனையின் கீழே அம்மா அவரைப் பிடித்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். நிழல் கொஞ்சம்தான் இருந்தது.

"அவ ரெண்டு வசவு வஞ்சிருந்தாள்னா நல்லாயிருந்திருக்கும் அம்மா."

"நல்லாயிருந்திருக்கும், ஒங்களுக்கு."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"இந்த ஊரைப் பத்தி மேலிடத்துக்கு என்ன எழுதுனீய அண்ணாச்சி?"

"மணல் ஓடுது, பணம் தேவைன்னு எழுதுனேன். பொறவு பணம் குடுத்தாச்சு, கன்னு நட்டாச்சுன்னு எழுதுனேன். ரெண்டுமே பொய் இல்ல அம்மா."

"மணல் ஏன் ஓடிச்சின்னு?"

"அதை யாரும் கேக்கல."

 அம்மா அடுத்த கேள்வி கேட்குமுன், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அவசரமாக எடுத்து வைத்தார்.

"எனக்கு ரெண்டு வழி தெரியுது. ஒண்ணு, மரத்தைச் சாய்ச்சாலும் பணம் வராதுன்னு ஆனைவிளையில அடிச்சுச் சொல்லிப்புடுதேன். என்ன, அது பொய்யி. சாய்ச்சா வரும். பூவரசன்விளைக்கு வந்ததை அவங்க கண்ணால பாத்திருக்காவ."

"இன்னொண்ணு?"

"மரத்துல கைய வைக்காதீயன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, மணல் ஓடுதுன்னு நானே எழுதிருதேன். பணமும் வந்துரும், மரமும் தப்பிச்சிரும். கண்டுபிடிச்சா என் பென்ஷன் போயிரும். போனாப் போவட்டும் அம்மா. நான் துணிஞ்சிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது. அம்மா மெச்சுவாள் என்றுகூட எதிர்பார்த்தார். அவள் மெச்சவில்லை.

"அடுத்தாப்புல இன்னொரு ஊர்க்காரங்க வருவாங்களே?"

"அவங்களுக்கும் எழுதுவேன்."

"ஒங்களுக்குப் பொறவு அந்த நாற்காலியில உக்காருதவரு?"

பலவேசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேற்கே தேரியின் உச்சியில் மணல் புகைபோல மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது. காற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தார். அதிக நாள் இல்லை.

"அப்ப நான் என்னதான் செய்ய?" என்றார். குரல் உடைந்திருந்தது. "அந்த விதியை நான் எழுதலையே அம்மா!"

"ஆனைவிளைக்குக் கொண்டுபோவ ரெண்டு பதில் வச்சிருக்கீய அண்ணாச்சி. ரெண்டும் பொய்யி" என்றாள் அம்மா. "அந்த விதியை எழுதுனவங்ககிட்ட கொண்டுபோவ, இத்தனை வருஷத்துல, ஒரு கேள்வியாவது வச்சிருந்தீயளா?"