புறாக் காவலுக்குப் போன படம்

சேலம் அழகாபுரத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் ஒரு காலத்தில் நூற்றுப் பன்னிரண்டு படங்கள் குடியிருந்தன. எல்லாம் டிவிடிகள். அலமாரியில் தோளோடு தோள் ஒட்டி நின்றன. சண்டைப் படங்களுக்கு மேல் தட்டு, அழுகைப் படங்களுக்குக் கீழ்த் தட்டு. பக்திப் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அது யாரோடும் பேசாது.

வீட்டுக்காரர் தனசேகர் சிமெண்ட் ஏஜென்சியில் வேலை பார்த்தார். அவர் மனைவி பூங்கோதை மருந்துக்கடையில் பில் போட்டாள். நூற்றுப் பன்னிரண்டில் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அதிலும் முழுசாக வேண்டியதில்லை, நாலு விநாடி போதும்.

அவள் அப்பா சிங்காரவேலு டவுன் பஸ் கண்டக்டர். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் சினிமா படப்பிடிப்பு நடந்தது. கண்டக்டராக நடிக்க வந்தவருக்கு விசில் ஊத வரவில்லை. பக்கத்து வண்டியில் டீ குடித்துக்கொண்டிருந்த சிங்காரவேலுவைக் கூப்பிட்டு, படியில் தொங்கவிட்டு, ஒரு வாக்கியம் பேசச் சொன்னார்கள். பேசிவிட்டு மிச்ச டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

அவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீட்டு விசேஷங்களில் எப்போதும் கேமரா அவர் கையில்தான் இருக்கும். அதனால் எதிலும் அவர் இல்லை. அவர் அசைவதும் பேசுவதும் உலகத்தில் அந்த நாலு விநாடியில் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பூங்கோதை அந்த டிவிடியைப் போடுவாள். நேரே நாற்பத்தோராவது நிமிஷத்துக்குப் போவாள். நாலு விநாடி பார்ப்பாள். அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள்.

டிவிடிக்கு அதில் பெரிய மனக்குறை. "நான் ரெண்டேகால் மணி நேரம் ஓடுறவன். எங்கிட்ட ஆறு பாட்டு இருக்கு, வெள்ளத்துல ஒரு சண்டை இருக்கு. இந்த வீட்டுல ஒருத்தராவது கேக்கறீங்களா?" என்று முனகும்.

"அடுத்த வாரம் பாக்கறேன்" என்பாள் பூங்கோதை. பார்க்க மாட்டாள்.

அப்படியிருக்கையில் ஓர் ஐப்பசி மாதம் அந்த வீட்டுக்குத் திரைக்கடல் வந்தார். சந்தா கட்டினால் டிவியில் படம் காட்டுகிற ஆப் அவர். வெள்ளைச் சட்டை, டை, எந்த நேரமும் ஒரே அளவுச் சிரிப்பு. டிவி ஓரமாக நின்றுகொண்டார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"எங்களிடம் எட்டாயிரம் படங்கள் உள்ளன. தூசி துடைக்க வேண்டியதில்லை" என்றார்.

தனசேகருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அந்த ஒரு சொல்லிலேயே விழுந்துவிட்டார். பூங்கோதை மட்டும், "எங்க அப்பா படம் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கிறது. 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்துங்கள். என்றென்றும் உங்களுடையது."

அழுத்தினாள். படம் வந்தது. கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. அப்பா சட்டையில் இரண்டாவது பித்தான் மட்டும் வேறு நிறம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதை அம்மா தைத்திருப்பாள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. திரைக்கடலுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

மறுநாளே தனசேகர் அலமாரியைக் காலி செய்தார். நூற்றுப் பதினோரு படங்கள் சாக்கில் ஏறிப் பழைய சாமான்காரரோடு போயின. பக்திப் படம் போகும்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தது. "நல்லா இருங்க" என்றது. அது வாழ்த்தா வேறெதுவுமா என்று தனசேகருக்குப் புரியவில்லை.

டிவிடி பிளேயரைச் சமையலறையில் மிக்சிக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். அப்போதுதான் அதன் வயிற்றுக்குள் பூங்கோதையின் டிவிடி இருப்பது தெரிந்தது.

"இதை என்ன பண்றது, கோதை?"

"அதான் டிவியில வாங்கியாச்சேங்க" என்றாள் அவள்.

பால்கனியில் புறாத் தொல்லை இருந்தது. தனசேகர் டிவிடியின் நடு ஓட்டையில் நூலைக் கோத்துக் கம்பியில் தொங்கவிட்டார். வெயில் பட்டுப் பளபளத்தால் புறா வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆறு பாட்டும் ஒரு வெள்ளமும் காற்றில் சுழல ஆரம்பித்தன.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து பூங்கோதை படத்தைத் தேடினாள். காணோம்.

"அந்தப் படம் கிளம்பிவிட்டது" என்றார் திரைக்கடல். "காலையில் பெட்டியோடு போனது. உங்களிடம் சொல்லிக்கொள்ள நினைத்தது. அதற்கு அனுமதி இல்லை."

"நான் வாங்கினேனே!"

"'வாங்கு' என்றால் எங்கள் ஒப்பந்தத்தில் 'இருக்கும்வரை பார்த்துக்கொள்' என்று பொருள். அறுபத்திரண்டாம் பக்கம். நீங்கள் 'சம்மதம்' அழுத்தினீர்கள்."

"என்றென்றும்னு சொன்னீங்களே?"

"என்றென்றும் நேற்றோடு முடிந்துவிட்டது, அம்மா."

தனசேகர் குறுக்கே வந்தார். "ஏங்க, நேத்து வரைக்கும் இருந்துச்சே?"

"நேற்று அது உங்கள் பகுதியில் கிடைத்தது. இன்று உங்கள் பகுதி வேறு."

"நாங்க வீடு மாறவே இல்லையே!"

"நீங்கள் மாறவில்லை. பகுதி மாறிவிட்டது." திரைக்கடலின் சிரிப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. "வருந்த வேண்டாம். கண்டக்டர் வரும் வேறு பதினோரு படங்கள் உள்ளன. 'மறைந்த அப்பா' என்ற வகையில் நாற்பது உள்ளன. மூன்றில் அப்பா திரும்பி வந்துவிடுகிறார்."

"அவரெல்லாம் எங்கப்பா இல்ல" என்றாள் பூங்கோதை.

"தொண்ணூற்றிரண்டு சதவீதம் பொருந்துகிறார்" என்றார் திரைக்கடல்.

தனசேகருக்கு முதல்முறையாக அவரை அடிக்கலாம்போல் இருந்தது. ஆனால் அடித்தால் டிவிதான் உடையும். அப்போது பூங்கோதை கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் பால்கனி ஞாபகம் வந்தது.

பால்கனியில் டிவிடியைச் சுற்றி ஏழு புறாக்கள் வரிசையில் நின்றன. ஒன்றும் பயந்த மாதிரி தெரியவில்லை. முதலில் நின்ற புறா டிவிடியில் முகம் பார்த்து, கழுத்து இறகைச் சரிசெய்து, மூக்கால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்ததற்கு வழிவிட்டது.

"கொஞ்சம் நகருங்க. இது எங்க படம்" என்றாள் பூங்கோதை.

"படமா?" என்றது பருத்த புறா ஒன்று. "இது எங்க கண்ணாடிங்க. முதல் ரெண்டு நாள் பயந்தோம், உண்மைதான். மூணாவது நாள் இவ பாத்துட்டு வந்து, உள்ள இருக்கற புறா ரொம்ப லட்சணம்னு சொன்னா. அதுலேர்ந்து இதைப் பாக்காம யாரும் வேலைக்குப் போறதில்ல."

டிவிடி நூலில் மெதுவாகத் திரும்பியது. "வாம்மா. பாத்தியா, தினம் என்னைப் பாக்க எத்தனை பேர் வர்றாங்க! ஆனா ஒருத்தியும் உள்ள என்ன இருக்குன்னு கேக்கல. உங்க வீட்டுலயாவது நாலு விநாடி கேட்டீங்க."

"உள்ள வர்றியா?"

"வர்றேன். ஆனா எட்டு மாசம் வெயில்லயும் மழையிலயும் நின்னுருக்கேன். இதுங்க மூக்கு வேற. எது ஞாபகம் இருக்கு, எது போச்சுன்னு எனக்கே தெரியல. எங்க அப்பா எங்கேன்னு அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

பருத்த புறா நூலின் மேல் ஏறி நின்றுகொண்டது. "அதெப்படி விடுவோம்? நாளைக்கு எங்க பொண்ணைப் பாக்க வர்றாங்க."

பூங்கோதை உள்ளே போய்த் தனசேகரின் சவரக் கண்ணாடியை எடுத்துவந்து கம்பியில் சாய்த்து வைத்தாள்.

"கோதை, அது என்..." என்று ஆரம்பித்த தனசேகர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

புறாக்கள் கண்ணாடியைச் சோதித்தன. "இதுல வானவில் வரமாட்டேங்குது" என்றது ஒன்று. "ஆனா கழுத்து மெலிசாத் தெரியுது" என்றது பருத்த புறா. பேச்சு முடிந்தது.

அடுத்து பிளேயர். மிக்சியைத் தூக்கியதும் அது பெருமூச்சு விட்டது. "எட்டு மாசம் சட்னி அரைச்சது என் தலை மேல. எனக்கு இப்ப எதைக் கேட்டாலும் தேங்காயாத்தான் கேக்குது."

தனசேகர் துணியால் அதைத் துடைத்தார். தும்மினார். மறுபடி துடைத்தார். மூன்று நிற ஒயரைத் தேடிப் பரணில் ஏறினார். ஒயரில் மஞ்சள் முனையை எலி தின்றிருந்தது. கீழ்வீட்டுச் சம்பூர்ணத்திடம் ஓடி, அவர் கொலுப் பெட்டியிலிருந்து வேறொன்றை வாங்கிவந்து, டிவியின் முதுகுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு சொருகினார். "மன்னிச்சுக்க கோதை" என்று அங்கிருந்தே சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு அன்றைக்குத் தைரியம் இல்லை.

"நானும்தாங்க டிவிடி வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றாள் அவள்.

டிவிடியைச் சட்டைத் துணியால் துடைத்து உள்ளே வைத்தாள். பிளேயர் அதை வாயில் வைத்துச் சுற்றிப் பார்த்தது. "முதல் பாட்டு போச்சு. வெள்ளம் பாதிதான் இருக்கு, சண்டை நடக்குது, தண்ணியைக் காணோம். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல."

"நாப்பத்தொண்ணாவது நிமிஷம்?"

"பொறு." கரகரவென்று சத்தம் வந்தது. திரை கறுத்தது, கட்டம் கட்டமாக உடைந்தது, பச்சையானது. தனசேகர் டிவிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். பிறகு பஸ் ஸ்டாண்ட் வந்தது.

சிங்காரவேலு படியில் தொங்கிக்கொண்டு வந்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். கையைத் தூக்கினார். "பின்னாடி வண்டி காலியா வருது, அதுல வாங்க" என்றார்.

பஸ் நகரவில்லை. கை இறங்கவில்லை.

"வாங்க" என்றார் மறுபடி. "வாங்க. வாங்க."

"ஐயோ, மாட்டிக்கிட்டேன்" என்று உள்ளிருந்து டிவிடி பதறியது. "அந்தப் பருத்தவ கொத்தின இடம்மா இது. கொஞ்சம் இரு, எப்படியாவது தாண்டிடறேன்."

"தாண்டாத" என்றாள் பூங்கோதை.

தரையில் உட்கார்ந்தாள். அப்பா தூக்கிய கையோடு வாங்க என்றார், மறுபடி வாங்க என்றார். சுவர்க் கடிகாரத்தில் நாலு விநாடி போய், நாலு நிமிஷமும் போயிற்று. பாத்திரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. தனசேகர் ஒயர் கழன்றுவிடக்கூடாதே என்று அதைக் கையால் பிடித்தபடி படுத்தே கிடந்தார்.

டிவி ஓரத்தில் நின்ற திரைக்கடலுக்கு இது புரியவில்லை. இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கும் படத்தை அவர் பார்த்ததில்லை. தொழில் முறைப்படி ஓர் அடி முன்னால் வந்து, குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?"