கிறுக்கனுக்கு ஒரு கணக்கு

நட்சத்திரம் பார்க்கிறவர்கள் தங்குவதற்கென்று மலைமேல் ஒரு வீடு இருந்தது. அங்கே சொல்லிக்கொடுப்பவர் செண்பகவடிவு. கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி, மணியடிக்கும் சத்தம் அலுத்துப்போய் மேலே வந்தவர். அவரிடம் கற்றுக்கொள்ள வந்த சற்குணம் வயதில் அவரைவிட மிகவும் மூத்தவர். சற்குணம் அவரை டீச்சர் என்பார். டீச்சர் சற்குணத்தை அண்ணாச்சி என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

சற்குணம் ரயில்வேயில் கால அட்டவணை போடுகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எது எப்போது வரும் என்று தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்ட ஆளுக்கு டீச்சர் பார்க்கக் கொடுத்தது வடக்கு வானத்தில் ஒரு நீல நட்சத்திரம். பயங்கரச் சூடு. சுழல்கிற வேகத்தில் தன் இடுப்பிலிருந்து தன்னையே பிய்த்து வீசும். வீசியது சுற்றிலும் வளையமாக நிற்கும். அதனால் சில சமயம் பிரகாசம் கூடும், சில சமயம் குறையும். எப்போது கூடும், எப்போது குறையும் என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. மலையில் அதற்குக் கிறுக்கன் என்று பெயர்.

"இதுக்கு ஒரு கணக்கு இல்லாம இருக்காது டீச்சர்," என்றார் சற்குணம், முதல் நாளே.

"பாருங்க," என்றார் டீச்சர்.

கணக்கு வேண்டும் என்று சற்குணம் தவித்ததற்கு வேறு காரணம் இருந்தது. அவருடைய மகன் யாபேஸ். ஒரு மாதம் வீடே அதிரப் பாடிக்கொண்டு திரிவான். அடுத்த மாதம் அறையை விட்டு வெளியே வரமாட்டான். சேர்ந்த வேலை எதிலும் தங்கவில்லை. ஒருநாள் சற்குணம் பொறுமை இழந்து, ஒரே இடத்தில் ஒரு வருஷம் நின்று காட்டு, அப்புறம் என் முகத்தில் முழி என்று சொல்லிவிட்டார். மகன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. மகன் மேல் அவ்வளவு ஆசை, ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை. கிறுக்கனுக்கே ஓர் ஒழுங்கு உண்டு என்றால் யாபேஸும் ஒருநாள் ஒழுங்குக்கு வருவான், அதுவரை காத்திருப்பதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டார். டீச்சரிடம் இதை ஒருமுறை சொல்லியும் இருக்கிறார். டீச்சர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரு நட்சத்திரத்தைத் தனியாகப் பார்த்து அதன் பிரகாசத்தைச் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் மாறாத நட்சத்திரங்கள் இரண்டைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடுதலாக ஒளிர்வது, மற்றது கொஞ்சம் மங்கல். இந்த இரண்டுக்கும் நடுவில் நம் நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்பது மலையில் சட்டம்.

சற்குணம் கொஞ்ச நாளில் ஒன்றை விட்டுவிட்டார். அதைப் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டியிருந்தது. மற்றது மஞ்சள் நிறம், பைனாகுலரைத் தூக்கினால் நேரே வந்து நிற்கும். பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அதை மட்டும் பக்கத்தில் வைத்தே கிறுக்கனை அளந்துகொண்டிருந்தார். இத்தனை பழகிய கண்ணுக்கு ஒன்று போதும் என்பது அவர் கட்சி.

மூன்றாவது பனிக்காலத்தில் அவருக்குக் கணக்கு கிடைத்தது. சாயங்காலம் டீச்சர் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது மூச்சிரைக்க வந்து நின்றார்.

"கெடச்சிட்டு டீச்சர். ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவ ஏறுது, எறங்குது. தப்பவே இல்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. வரைந்து வைத்திருந்த கோட்டைக் காட்டினார். அலை அலையாக, ரயில் வண்டி மாதிரி நேரம் தவறாமல் போனது அது. டீச்சர் அதை வெகுநேரம் பார்த்தார். கிறுக்கனுக்கு இவ்வளவு ஒழுக்கம் ஏது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லவில்லை.

"கிறுக்கன் கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும் அண்ணாச்சி. அந்த மஞ்சளப் பாருங்க. அதச் சுத்தி இருக்கிற மத்ததோட சேத்துப் பாருங்க."

"அதுல பாக்க என்ன இருக்கு? அது மாறாதது."

"அப்ப சுலபமான வேலதான்."

சற்குணத்துக்குக் கோபம் வந்தது. பாராட்டு வரும் என்று ஓடிவந்தவருக்குத் தண்டனை கிடைத்தால் வேறென்ன வரும். ஆனாலும் இருட்ட ஆரம்பித்ததும் முற்றத்துக்குப் போய்ப் பார்த்தார். மார்கழி முழுக்கப் பார்த்தார், தை முழுக்கப் பார்த்தார். முதலில் முணுமுணுத்துக்கொண்டு பார்த்தார், பிறகு முணுமுணுப்பு நின்றது. கடைசியில் ஒருநாள் காலையில் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், மஞ்சள்தான் ஏறி எறங்குது."

"ம்."

"அது கூடும்போதெல்லாம் கிறுக்கன் கொறஞ்சிட்டான்னு நான் போட்டிருக்கேன்."

"ம்."

"அப்ப கிறுக்கனுக்கு?"

"கிறுக்கனுக்குக் கணக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நீங்க கண்டுபிடிச்சது மஞ்சளோட கணக்கு."

சற்குணத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பிடித்துக்கொண்டிருந்த கயிறு அறுந்த மாதிரி பயமாக இருந்தது. சாயங்காலம், சிக்னல் கிடைக்கிற பாறைப் பக்கம் சும்மா போனவருக்கு ஃபோனில் செய்தி வந்து விழுந்தது. மகனிடமிருந்து. கப்பலில் வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை ஏறுகிறானாம். அதற்கு முன்னால் ஒருதரம் மலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா, வேண்டாம் என்றால் வரவில்லை என்று எழுதியிருந்தான். எப்போது திரும்புவான் என்று எழுதவில்லை.

சற்குணம் ஃபோனைக் கொண்டுவந்து டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சற்குணம் அவர் எதிரில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். கப்பலில் மட்டும் எத்தனை நாள் நிற்கப்போகிறான் என்றார். இப்போது வா என்று சொன்னால் அன்றைக்குச் சொன்னதற்கு என்ன மரியாதை என்றார். அவனைப் பார்க்காமல் அனுப்பிவிட்டால் நான் இருந்தும் செத்ததுதான் என்றும் சொன்னார். டீச்சர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அவந்தான் நாளுக்கொரு மாதிரி டீச்சர். நேத்து இருந்த மாதிரி இன்னைக்கு இருக்க மாட்டான். நான் அப்படி இல்ல. அவன் பொறந்த நாள்ல எப்படி இருந்தேனோ, அப்படியேதான் இருக்கேன்."

டீச்சர் தலையை நிமிர்த்தினார்.

"அத யாரு பாத்துச் சொன்னா அண்ணாச்சி?"

வெளிச்சம் போகிற வரைக்கும் சற்குணம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஃபோனை எடுத்துக்கொண்டு, பாறைப் பக்கம் நடந்தார்.