கால்களுக்கிடையில் போன பந்து

ஹாம் சங்குக் பதினேழு வருடம் பேஸ்பால் ஆடியவர். ஓய்வுபெற்ற பிறகு, தான் ஆடிய அணியின் இரண்டாம் அணிக்கே பயிற்சியாளரானார். கொரியாவின் தென்கடற்கரையில் ஒரு சிற்றூரில் அதன் மைதானம் இருந்தது. முதல் அணிக்கு இன்னும் தேறாதவர்களும், அங்கிருந்து இறக்கப்பட்டவர்களும் அங்கேதான் ஆடினார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, தாக் இன்வூ அங்கே வந்து சேர்ந்தார். வயது நாற்பத்தொன்று. சங்குக்கைவிட இரண்டு வயது மூத்தவர். பத்து வருடத்துக்கு மேல் இருவரும் ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு ஆட்டத்தின் கடைசிச் சுற்றில், தரையோடு வந்த பந்து இன்வூவின் கால்களுக்கிடையில் போய்விட்டது. அணி தோற்றது. மறுநாளே அவரை இறக்கிவிட்டார்கள்.

சங்குக் தனியாக மைதானத்து ஈரமண்ணை வாரிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். இன்வூ ஒரு உறையை நீட்டினார்.

“கோச், இது என் ஓய்வுக் கடிதம். நிர்வாகத்துக்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.”

“இங்கே யாரும் இல்லை, அண்ணா. பேர் சொல்லியே கூப்பிடுங்கள்.”

“முறை என்று ஒன்று இருக்கிறது.”

சங்குக் உறையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிரித்துப் பார்க்கவில்லை.

“அனுப்புகிறேன். ஆட்டம் ஒரு மணிக்குத்தான். கையுறை கொண்டுவந்திருக்கிறீர்களா?”

“எதற்கு?”

“மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கூடை பந்து அடிக்கிறேன், பிடியுங்கள்.”

இன்வூ போய் நின்றார். சங்குக் மெல்லிய நீள மட்டையால் தரையோடு அடித்தார். முதல் மூன்று பந்துகளை இன்வூ பிடித்தார். நான்காவது கையுறைக்கு அடியில் போனது. ஐந்தாவதும் போனது. சங்குக் வேகத்தைக் குறைக்கவில்லை. கூடை காலியானபோது பாதிப் பந்துகள் பின்னால் புல்வெளியில் கிடந்தன.

இருவரும் அவற்றைப் பொறுக்கினார்கள்.

“பார்த்தாயா? கடிதத்தில் எழுதியது இதைத்தான்,” என்றார் இன்வூ. மரியாதை அவரை அறியாமலே நழுவியிருந்தது. “பந்து பக்கத்தில் வரும்வரை எல்லாம் சரியாக இருக்கிறது. வந்ததும் அன்றைக்குக் கேட்ட கூச்சல் காதில் விழுகிறது. கை தானாக மேலே தூக்கிக்கொள்கிறது.”

சங்குக் ஒரு பந்தின் மண்ணைத் துடைத்துக் கூடையில் போட்டார்.

“சங்குக், ஒன்று கேட்கட்டுமா? பதினான்கு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தது.”

“இறுதி ஆட்டம்.”

“ஆமாம்.”

பதினான்கு வருடத்துக்கு முன்பு, கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில் இன்னும் ஒருவரை வெளியேற்றினால் போதும் என்ற நிலை. சங்குக்கை நோக்கி ஒரு சுலபமான பந்து வந்தது. அது அவர் கால்களுக்கிடையில் போனது. எதிரணியின் இருவர் ஓடி முடித்து இரண்டு புள்ளி எடுத்தார்கள். கோப்பை போனது. அவர் எறியப்போகும் பந்துக்காக ஓடுகிறவர்கள் தொட்டுப்போகும் இரண்டாம் தளத்தில் கையை நீட்டியபடி நின்றவர் இன்வூ.

இப்படிப் பந்தை விட்டவனை, கோழி மாதிரி முட்டை பொரித்துவிட்டான் என்று கொரியாவில் கேலி செய்வார்கள். அன்றிலிருந்து எல்லா ஊர் மைதானத்திலும் சங்குக்கின் பெயர் முட்டை.

“மறுநாள் நீ எங்காவது ஓடிப்போய்விடுவாய் என்று நினைத்தேன்.”

“ஓடினேன். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. காலை ஆறரை மணி. அங்கே இருந்த விளையாட்டு ஆசிரியரிடம் எனக்குப் பந்து அடிக்கச் சொன்னேன். முதல் பந்து கால்களுக்கிடையில் போனது. இரண்டாவதும்.”

“அப்புறம்?”

“மணி அடித்தது, அவர் வகுப்புக்குப் போய்விட்டார். அடுத்த நாள் ஆறு மணிக்கே போனேன்.”

“குளிர்காலம் முழுவதுமா?”

“பனி விழுந்த நாட்களில் சத்துணவுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு ஆடினோம்.”

இன்வூ புல்லில் உட்கார்ந்தார்.

“அடுத்த பருவம், முதல் வெளியூர் ஆட்டம். நம் பேருந்துப் படியில் யாரோ ஒரு தட்டு முட்டை வைத்திருந்தார்கள். ஓட்டுநர் தூக்கி எறியப் போனார். நீ தடுத்து வாங்கிக்கொண்டாய்.”

“விடுதிச் சமையலறையில் வேகவைத்துத் தந்தார்கள். நீங்கள் நான்கு தின்றீர்கள்.”

“ஐந்து.”

அன்று முதல் முறையாக இன்வூ சிரித்தார். உடனே முகம் பழையபடி ஆகிவிட்டது.

“அதற்குப் பிறகு பத்து வருஷம் ஆடினாய். ஆயிரம் ஆட்டம் இருக்கும். பயம் எந்த வருஷம் போனது? அதை மட்டும் சொல். எனக்கு அவ்வளவு காலம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.”

“போகவில்லை, அண்ணா.”

“பக்கத்திலேயே நின்றவன் நான். நீ பயந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.”

“ஒவ்வொரு பந்துக்கும் பயந்தேன். கடைசி ஆட்டத்தில் மூன்று பந்து வந்தது. மூன்றுக்கும்.”

வாசல் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டாம் அணி வீரர்கள் பைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். தாக் இன்வூவைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வரிசையாகத் தலைவணங்கினார்கள். பிறகு வேலியோரம் நின்றுகொண்டார்கள்.

இன்வூ எழுந்தார். கையுறையைக் கழற்றினார்.

“போதும். இவர்கள் முன்னால் வேண்டாம். கடிதத்தை அனுப்பிவிடு.”

“சரி.”

சங்குக் நிறைந்த கூடையைத் தூக்கிக்கொண்டு மட்டை கிடந்த இடத்தை நோக்கி நடந்தார். பத்தடி போனதும் இன்வூவின் குரல் கேட்டது.

“பயம் போகவில்லையென்றால், அத்தனை பந்தையும் எப்படிப் பிடித்தாய்?”

சங்குக் திரும்பினார்.

“பயந்துகொண்டேதான் குனிந்தேன், அண்ணா.”

இன்வூ வேலியோரம் நின்றவர்களை ஒரு முறை பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தார்.