காலி இடத்தில் விழுந்த அடி

பெரிய டிரம்மையும், சிம்பல் என்கிற ஜோடிப் பித்தளைத் தட்டையும் ஒரே நேரத்தில் அடித்தால் எது அதிக நேரம் காதில் நிற்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

சிம்பல்தான். டிரம் தும்மல் மாதிரி, வந்த வேகத்தில் போய்விடும். சிம்பல் அப்படியில்லை. சமையற்கட்டில் எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தால் சுற்றிச் சுற்றி ஓலமிடுமே, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து "என்னக்கா, என்ன விழுந்துச்சு?" என்று கேட்கும்வரை ஓயாதே, அந்த ஜாதி அது.

இது தெரிந்தால் இன்னாசிக்கு நடந்தது தன்னால் விளங்கிவிடும்.

இன்னாசி ஒரு கடற்கரை ஊரில் வலையும் கயிறும் விற்கிறவர். கல்யாண வயதில் மகள் இருக்கிற மனிதர். மாதா கோயில் பேண்டில் பெரிய டிரம் அவருடையது. பேண்ட் மாஸ்டர் ஜெசிந்தா என்ற பாட்டு டீச்சர். அவருக்கு வயது இன்னாசியின் வயதில் பாதிதான். ஆனாலும் மீசை நரைத்த ஆம்பிளைகள் எல்லாம் "மாஸ்டரம்மா" என்று சொல்லிக் கைகட்டி நிற்பார்கள். ஜெசிந்தா யாரையும் திட்டமாட்டார். யாராவது தப்பாக வாசித்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அவர் குடித்து முடிப்பதற்குள் தப்புச் செய்தவருக்கு வேர்த்துவிடும்.

அந்தப் பேண்டில் ஒரு அமெரிக்க மார்ச், அதாவது அணிவகுப்பு இசை, உண்டு.

இன்னாசி அதை முதலில் கேட்டது சின்னப் பையனாக இருந்தபோது, கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த கேசட்டில். சின்னக் குழல்கள் குருவிக் கூட்டம் போல மேலே பறக்கும். கீழே பித்தளை வாத்தியங்கள் கனமாகக் காலெடுத்து வைத்து நடந்து வரும். உட்கார்ந்து கேட்கிறவனுக்கும் கால் நடக்கும். கடைசியில் எல்லா வாத்தியமும் மூச்சிரைக்க ஓடிவந்து சட்டென்று நிற்கும். ஒரு எட்டு வைக்கிற நேரம், ஒன்றுமில்லை. காலி. அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு அடி. முடிந்தது.

அந்த ஒரு அடிக்காக இன்னாசி சோற்றுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அடித்து, அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறார். பெரியவர் ஆகி, பேண்டில் போய் டிரம் பக்கமாக நின்றுகொண்டதும் அந்த அடிக்காகத்தான்.

டிரம்முக்குப் பக்கத்தில் சிம்பலோடு நிற்கிறவர் தொம்மை. படகில் போகிறவர். இன்னாசிக்குச் சின்ன வயதுச் சேக்காளி. தொம்மை வாசிக்கும்போது மாஸ்டரைப் பார்க்கமாட்டார், கூட்டத்தைப் பார்க்கமாட்டார். இன்னாசியின் கையைத்தான் பார்ப்பார். கை இறங்கினால் சிம்பல் சேரும். இத்தனை வருஷமும் அப்படித்தான் சேர்ந்தது.

அந்த வருஷத் திருவிழாவில் முன்வரிசையில் மச்சாது உட்கார்ந்திருந்தார். பெரிய மீன் வியாபாரி. அவர் மகனுக்கு இன்னாசியின் மகளைக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, நிச்சயம் இன்னும் ஆகவில்லை.

மார்ச் நன்றாகத்தான் போனது. மச்சாது காலால் தாளம் போடுவதை இன்னாசி பார்த்தார். பார்த்ததுதான் வினை. பால் பொங்கி வருகிற நேரத்தில் வாசலைப் பார்த்தால் என்ன ஆகுமோ அது ஆனது. எல்லா வாத்தியமும் ஓடிவந்து நின்றது. இன்னாசியின் கை நிற்கவில்லை.

தும்.

கை இறங்கியதும் சிம்பல் சேர்ந்தது.

ஜிங்ங்ங்...

மற்றவர்கள் சரியான இடத்தில் அடித்த கடைசி அடி அந்த ஜிங்குக்கு அடியில் நசுங்கிப் போனது. கூட்டம் ஒரு நிமிஷம் முழித்தது. அப்புறம் சிரித்தது.

அப்போது இன்னாசி ஒரு காரியம் செய்தார். வாயைத் திறக்கவில்லை. தலையைத் திருப்பித் தொம்மையைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கி, உதட்டை மடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

அவ்வளவுதான். யார் தப்பு என்று ஊர் முடிவு செய்துவிட்டது. தொம்மை இரண்டு சிம்பலையும் சட்டையோடு சேர்த்து அணைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்து நின்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் மச்சாது சிரித்தார். "சம்பந்தி, எல்லாம் நல்லாத்தான் போச்சு. அந்தத் தட்டுக்காரன் கடைசியில கெடுத்துட்டானே!"

"என்ன செய்ய? சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு" என்றார் இன்னாசி.

சொன்ன வாயில் அதற்குப் பிறகு கறி ருசிக்கவில்லை.

மறுநாள் முதல் தொம்மைக்குப் பெயர் மாறியது. மீன் ஏலக்கூடத்துக்குக் கூடையோடு வந்தால், "ஜிங் வாராரு, வழிவிடுங்கலே!" என்று ஒரு குரல் எழும்பும். ஐஸ் உடைக்கிறவன் இரும்பில் ஒரு தட்டு தட்டிக் காட்டுவான். ஏலக்காரர், "ஒரு தரம், ரெண்டு தரம்..." என்று இழுத்துவிட்டு, "பொறுங்கப்பா, தொம்மை அவசரப்பட்டுத் தட்டிறப் போறாரு" என்பார். கூடம் சிரிக்கும். தொம்மையும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் பேண்ட் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இன்னாசிக்கு அந்த ஜிங் எங்கேயும் கேட்டது. மனைவி பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் எழுந்து தெருவுக்குப் போவார். மார்ச் கேசட்டைப் போட்டால் முடிவதற்கு முன்னாலேயே அணைத்துவிடுவார். "உங்களுக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு?" என்று மனைவி கேட்டதற்கு, "காதுல என்னமோ" என்றார்.

பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு அதே மார்ச்சை வாசிக்கச் சொல்லி அழைப்பு வந்தது. இன்னாசியும் இருக்கிற பேண்ட் கமிட்டி கூடியது. தொம்மையை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவது என்று பேசி முடித்தது. மாஸ்டரிடம் சொல்ல இன்னாசியை அனுப்பியது.

சாயங்காலப் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு இன்னாசி மட்டும் மண்டபத்தில் நின்றார்.

"என்ன அண்ணாச்சி?" என்றார் ஜெசிந்தா.

"சிம்பலுக்கு வேற ஆள் போடணும்னு கமிட்டியில சொல்லுதாங்க, மாஸ்டரம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல."

ஜெசிந்தா செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். இன்னாசி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாஸ்டரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"திருவிழாவுல அந்தச் சத்தம் கேட்டது ஒரு நிமிஷம் இருக்குமா? ஊரெல்லாம் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் அது இன்னும் ஓயல?"

ஜெசிந்தா செம்பைக் கீழே வைத்தார். அலமாரியைத் திறந்து சிம்பல் இரண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். டிரம் கோலைத் தான் எடுத்துக்கொண்டார்.

"எனக்குச் சிம்பல் பழக்கம் இல்லையே" என்றார் இன்னாசி.

"பழக்கம் வேண்டாம். என் கையைப் பாருங்க. கை இறங்கும்போது தட்டுங்க. வேற எங்கேயும் பாக்கக் கூடாது."

மண்டபத்து டேப்பில் மார்ச்சைப் போட்டார். குழல்கள் பறந்தன, பித்தளை நடந்தது. ஜெசிந்தாவின் கை இறங்கியது, இன்னாசி தட்டினார். முதலில் தடுமாறினார். அப்புறம் பிடிபட்டுவிட்டது. யோசிக்கிற வேலையே இல்லை. கிணற்றில் ஒருத்தர் கயிற்றை விட, இன்னொருத்தர் குடத்தைப் பிடிக்கிற மாதிரி அது பாட்டுக்குப் போனது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உலகத்தைச் சுற்றி வந்துவிடலாம் போல இருந்தது. தட்டத் தட்ட அவருக்குச் சின்ன வயது சந்தோஷம்கூட வந்தது.

எல்லா வாத்தியமும் ஓடிவந்து நின்றது. காலி.

ஜெசிந்தாவின் கை இறங்கியது.

தும். ஜிங்ங்ங்...

டேப்பில் கடைசி அடி விழுந்து மார்ச் முடிந்தது. டிரம் எப்போதோ அடங்கிவிட்டது. இன்னாசியின் கையில் இருந்த பித்தளை மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஜெசிந்தா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கி, உதட்டை மடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

இன்னாசி சிம்பல் இரண்டையும் சட்டையோடு அணைத்துக்கொண்டார். கண் தன்னால் தரைக்குப் போய்விட்டது.

"அந்த இடத்துல அடி கிடையாதுன்னு தெரியுமா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"தெரியும்."

"தெரிஞ்சுமா தட்டினீங்க?"

"நீங்க அடிச்சீங்களே..."

சொல்லிவிட்டு இன்னாசி வாயை மூடிக்கொண்டார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். முகத்தில் கொதிகஞ்சி பட்ட மாதிரி அவருக்கு எரிந்தது.

"நீங்க அன்னைக்கே பாத்துட்டீங்களா?" என்றார் இன்னாசி.

"உங்க எல்லார் முகத்துக்கும் நேரேதானே நான் நிக்கேன்."

"பின்னே ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இன்னாசி சிம்பலைக் கீழே வைக்கப் போனார். வைக்க மனமில்லாமல் திரும்பவும் அணைத்துக்கொண்டார்.

"தொம்மை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுடுதேன், மாஸ்டரம்மா."

"எப்போ போறீங்க?"

"இன்னைக்கே போறேன். ஊர் அடங்கினப்புறம்."

ஜெசிந்தா டிரம் கோலைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு மேடையில அவரைத் திரும்பிப் பாத்தீங்களே, அண்ணாச்சி, அப்போ ஊர் அடங்கியா இருந்துச்சு?"

இன்னாசி சிம்பலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோலுக்காகக் கையை நீட்டினார். ஜெசிந்தா கொடுத்தார்.

விடிந்து படகுகள் வந்த நேரம். ஏலக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மச்சாது குனிந்து ஒரு சீலா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொம்மை கூடையை இறக்கினார். ஏலக்காரர் ஆரம்பித்தார்.

"ஒரு தரம், ரெண்டு தரம்... பொறுங்கப்பா, தொம்மை தட்டிறப் போறாரு!"

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் இன்னாசி வந்து நின்றார். கக்கத்தில் சிம்பல், கையில் டிரம் கோல். அதைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடியது.

"கச்சேரி இங்கேயா, அண்ணாச்சி?" என்றான் ஐஸ் உடைக்கிறவன்.

"அன்னைக்குத் தப்பா அடிச்சது நான்" என்றார் இன்னாசி. அந்தச் சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"என்னது? சத்தமாச் சொல்லும்!" என்றார் ஏலக்காரர்.

"திருவிழாவுல தப்பா அடிச்சது நான்! தொம்மை என் கையைப் பாத்துத் தட்டினாரு. தப்பு என்னுது. தப்பைச் செஞ்சிட்டு அவரைத் திரும்பிப் பாத்தேனே, அதுவும் என்னுது." மச்சாது நின்ற பக்கம் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இருந்தாலும் பார்த்தார். "பந்தியில உங்ககிட்ட அவரைப் பத்திச் சொன்னேனே, அதுவும் பொய்."

மச்சாது மீனைக் கூடையில் போட்டார். கையைத் துண்டில் துடைத்தார். நல்லதென்றும் சொல்லவில்லை, பொல்லாததென்றும் சொல்லவில்லை. ஏலக்காரர் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

தொம்மைதான் பக்கத்தில் வந்தார். "எதுக்கு வே இது, இத்தனை பேருக்கு முன்னால? உமக்குக் கிறுக்கா?"

"நீர் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, தொம்மை?"

"என்னத்தைச் சொல்ல? சத்தம் என் கையில இருந்துல்லா வந்துச்சு."

இன்னாசிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை. டிரம் கோலைத் தொம்மையிடம் நீட்டினார்.

"பக்கத்து ஊர்ல டிரம் நீர் அடியும் வே. உம்ம கையைப் பாத்து நான் தட்டுதேன். பக்கத்துல நிக்க விடும்."