அளவு பேண்ட்

“அரை நூல் கூடப் பிசகல மாஸ்டர். பிறகு ஏன் பொருந்தல?”

கேட்டவர் பிரமநாயகம். வள்ளியூர் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளைக் கோட்டு என்றால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். தலை நரைத்தவர். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும்.

மாஸ்டர் என்று அவர் கூப்பிட்டது எமிமாவை. வயதைப் பார்த்தால் அவருக்கு மகளாக இருக்கலாம். காற்றாலையில் ஏறுகிறவர்கள், கல்குவாரியில் வெடி வைக்கிறவர்கள், கரண்டுக் கம்பத்தில் தொங்குகிறவர்கள் எல்லோரும் அவள் வெட்டிய ஜீன்ஸைத்தான் போட்டார்கள்.

இவர் எப்படி அவளிடம் சிஷ்யராக வந்து சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குவாரிக்காரன் இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி, அவள் வெட்டிய ஜீன்ஸ் ஒன்றை இவரிடம் கொண்டுவந்தான். ஜீன்ஸ்தானே என்ற அலட்சியத்தில் இவர் தையலைப் பிரித்தார். உள்ளே அவள் வெட்டியிருந்த விதத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவள் வாசலில் போய் நின்றார்.

“எனக்குக் கத்துத் தருவீங்களா?”

“உள்ள வாங்க அண்ணாச்சி.”

ஊர் சும்மா இருக்குமா? கோட்டு தைத்த கை ட்ரவுசர் தைக்கப் போய்விட்டது என்று டீக்கடையில் சிரித்தார்கள். பிரமநாயகம் காதில் வாங்கவில்லை. அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார்.

எமிமா அவருக்கு முதலில் கொடுத்த வேலை மாரிக்கனியின் பேண்ட்.

மாரிக்கனிக்குக் காற்றாலைப் பராமரிப்பில் வேலை கிடைக்க வேண்டும். படிப்பு முடித்துவிட்டாள், எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ஏறுவதுதான். காற்றாலையின் கோபுரத்துக்குள்ளே நட்டுக்குத்தலாக ஓர் இரும்பு ஏணி உண்டு. அதில் உச்சிவரை ஏறிக் காட்ட வேண்டும். அந்தக் கம்பெனியில் அதுவரை எந்தப் பெண்ணும் ஏறியதில்லை.

அவள் பாதியில் இறங்கிவிட்டாள்.

பிரமநாயகம் தைத்துக் கொடுத்த பேண்ட் முழங்காலைப் பிடித்தது. காலைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பு பின்னால் வழிந்தது. ஒரு கையால் ஏணியையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஏற முடியும்? இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் சோதனை பார்த்த என்ஜினியர்.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை.

“எனக்குக் கால் வராது போல அண்ணாச்சி,” என்றாள்.

அதுதான் பிரமநாயகத்தைப் போட்டு வதைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அதனால்தான் ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வியோடு எமிமாவிடம் வந்து நின்றார்.

எமிமா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“இன்னும் கனமான துணி எடுக்கப் போறேன். ஒவ்வொரு தையலும் மூணு வரிசை. மூலைக்கு மூலை பித்தளை ரிவெட். நான் போன பிறகும் அந்தப் பேண்ட் இருக்கும் மாஸ்டர்.”

“இருக்கும்,” என்றாள் எமிமா. “அலமாரியில.”

பிரமநாயகத்தின் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த கேள்வியையும் எமிமாவே கேட்டாள்.

“எதை வச்சு அளவெடுத்தீங்க?”

இதற்காகவே காத்திருந்தவர்போல அவர் ஒரு பழைய பேண்டை எடுத்து மேஜையில் விரித்தார். நம் ஊரில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்கள் உடம்பில் டேப் வைக்க விடமாட்டார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்று கொடுத்துவிட்டுப் போவார்கள். மாரிக்கனியும் அந்தப் பழக்கத்தில் ஓர் அளவு பேண்ட் கொண்டுவந்திருந்தாள். அவளிடம் பேண்ட் ஏது? அண்ணனுடையதைக் கொண்டுவந்தாள்.

“இதை அப்படியே எடுத்திருக்கேன். பாருங்க, இடது முட்டி லேசாப் புடைச்சிருக்கு. அதைக்கூட விடல,” என்றார் பிரமநாயகம். குரலில் பெருமை தாங்கவில்லை.

எமிமா அந்த இடது முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

“இது யாரு?”

“அளவு பேண்ட் மாஸ்டர்.”

“யாருன்னு கேட்டேன்.”

“அந்தப் பிள்ளைக்க அண்ணன்.”

“வெள்ளிக்கிழமை அண்ணனா ஏறப் போறாரு?”

அப்போதுதான் பிரமநாயகத்துக்கு உறைத்தது. வேலைக்கே போகாத ஒரு பையனின் முட்டியை இம்மி பிசகாமல் நகல் எடுத்து, ஒரு பெண்ணின் காலில் மாட்டி அனுப்பியிருக்கிறார்.

அன்று மத்தியானமே மாரிக்கனியை வரவழைத்தார்.

“மாஸ்டர், நீங்களே அளவு எடுத்துத் தந்திருங்களேன். நான் பொம்பளைப் பிள்ளைகளுக்கு டேப் வச்சதே இல்ல.”

“எனக்குக் கை வேலையா இருக்கு அண்ணாச்சி.”

கை வேலை என்று அவள் சொன்னது பட்டாணி உரிப்பது.

பிரமநாயகம் டேப்பை எடுத்தார். அவள் பக்கத்தில் கொண்டுபோகத் தயங்கினார். மாரிக்கனி அவரைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், ஒரு முனையைத் தானே வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நான் புடிச்சுக்கிடுதேன். நீங்க நம்பரை மட்டும் பாருங்க.”

பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். வேலை சுளுவாக முடிந்தது.

இரண்டாவது பேண்ட் தயாரானது. மாரிக்கனி போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு அழகாக இருந்தது.

“இப்ப சொல்லுங்க மாஸ்டர்,” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார் பிரமநாயகம்.

எமிமா நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ஓரத்தில் சாத்தியிருந்த ஏணியைக் காட்டினாள்.

“பரண்ல ஒரு துணிக்கட்டு இருக்கு. எடுத்துத் தாறீங்களா?”

இது என்ன பெரிய காரியம் என்று பிரமநாயகம் ஏணியில் கால் வைத்தார்.

அவர் போட்டிருந்ததும் அவரே தைத்த பேண்ட்தான். சந்தன நிறம், கத்தி மாதிரி மடிப்பு. அவர் நின்றால் பத்துப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் படி ஏறினார். இரண்டாவது படியும் ஏறினார். மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கினார். முட்டி வரவில்லை. மானம் போகிறதே என்று பல்லைக் கடித்து இன்னும் கொஞ்சம் தூக்கினார்.

டர்ரென்று ஒரு சத்தம்.

மாரிக்கனி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எமிமா பட்டாணியை உரித்துக்கொண்டே இருந்தாள்.

ஏணியில் தொங்கியபடியே பிரமநாயகம் கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மேலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் ஏணியே ஆடும்படி.

“மாஸ்டர், ஒரு துணி குடுங்க, சுத்திக்கிடுதேன். எம்மா மாரி, கோபுரத்துல ஏறுறப்ப மாட்டுவியே, அந்த சேஃப்டி பெல்ட் எங்க? ஓடிப்போய் எடுத்துட்டு வா!”

ஜீன்ஸ் துணியை வேட்டிபோலக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினார். மாரிக்கனி இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றி இறுக்குகிற அந்தப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

“நிக்காதே. ஏறு. அடுத்த படிக்குக் காலை வை. ஆங், அப்படியே இரு!”

பிரமநாயகம் டேப்பை வைத்துப் பார்த்தார்; நின்றபோது எடுத்த அளவு எதுவும் அங்கே இல்லை. இடுப்பிலிருந்து பின்பக்கமாக முட்டிக்கு ஓடுகிற நீளம் நாலு விரல் கூடியிருந்தது. தொடை வேறு தொடையாக இருந்தது. பெல்ட்டின் பட்டை சரியாக உள்தொடைத் தையல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. முதல் பேண்டைப் போலவே பின்பாக்கெட்டில் அவர் ஆசை ஆசையாக அடித்த ரிவெட் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

“இது குத்துமா?” என்று தொட்டுக் காட்டினார்.

“போன தடவை கன்னிப் போச்சு அண்ணாச்சி.”

“ஏன்மா அன்னைக்கே சொல்லல?”

“அந்த ரிவெட் அழகா இருந்துச்சு. சொல்ல மனசு வரல.”

பிரமநாயகம் போய்க் கத்தரியை எடுத்தார்.

மூன்றாவது பேண்டுக்கு அவர் வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைத்துக் காயப்போட்டார், பின்னால் சுருங்கக்கூடாது என்று. பின்பக்கத்தை உயர்த்தினார். கால் பிரிகிற இடத்தில் டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டு வைத்தார். உள்தையலைப் பட்டைக்கு எட்டாமல் முன்னால் தள்ளினார். முட்டியில் மடிப்புப் பிடித்து வளைத்தார். ஏணியில் உரசுகிற முட்டிக்கு மட்டும் இரட்டைத் துணி கொடுத்தார், மற்ற இடமெல்லாம் இளகலாக விட்டார். பின்பாக்கெட்டை எடுத்துத் தொடையின் பக்கவாட்டில் வைத்தார். ரிவெட் ஒன்றுகூட இல்லை.

தைத்து முடித்து ஹேங்கரில் மாட்டினார். மாட்டிவிட்டு அதைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொண்டார்.

யாரோ பாதி உட்கார்ந்த மாதிரி இருந்தது அந்தப் பேண்ட். முட்டி முன்னால் துருத்தியது. பின்னால் பொம்மென்று ஊதியிருந்தது. இதை ஒரு கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் அடிக்க வந்திருப்பார்கள்.

“இதை நான்தான் தச்சேன்னு வெளிய சொல்ல முடியாது மாஸ்டர்.”

எமிமா அந்தப் பேண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். டைமண்ட் துண்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு போய் அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வந்த நாளிலிருந்து அவள் தன் கையால் டீ கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வந்தது.

ராதாபுரம் தாண்டிப் பொட்டல் காட்டில் அந்தக் காற்றாலை நின்றது. சோதனைக்காக இறக்கையை நிறுத்தியிருந்தார்கள். பிரமநாயகமும் எமிமாவும் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். மாரிக்கனி பேண்டும் பெல்ட்டும் ஹெல்மெட்டுமாக வந்தபோது, வேலை பார்க்கிற பையன்கள் இரண்டுபேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிரமநாயகம் தரையைப் பார்த்தார்.

என்ஜினியர் நல்ல மனுஷன். சிரிக்கவில்லை. பெல்ட்டையும் கயிற்றையும் இழுத்துப் பார்த்தார்.

“பாத்து ஏறும்மா. முடியலைன்னா இறங்கிரு, ஒண்ணும் தப்பில்ல.”

மாரிக்கனி தலையை ஆட்டிவிட்டுக் கோபுரத்தின் சின்னக் கதவுக்குள் நுழைந்தாள்.

அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை, கேட்கத்தான் முடிந்தது. டங், டங் என்று பூட்ஸ் சத்தம் இரும்புக்குள்ளிருந்து வந்தது. ஒரே சீராக வந்தது. பிரமநாயகம் கோபுரத்தில் காதை வைத்துவிட்டார்.

சத்தம் நின்றது.

பிரமநாயகம் காதை இன்னும் அழுத்தினார். போன தடவை அவள் மாட்டிக்கொண்ட இடம் அதுதான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். டைமண்ட் துண்டு விட்டுவிட்டதா? முட்டி பிடித்ததா? ஐயோ, அந்தப் பிள்ளையின் பிழைப்பில் இரண்டாவது தடவையும் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று கண் கலங்கிவிட்டது.

“மூச்சு வாங்க நின்னிருக்கா,” என்றாள் எமிமா. “நீங்களும் வாங்குங்க.”

டங், டங்.

சத்தம் மேலே போகப் போகத் தேய்ந்தது. கடைசியில் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். சிரித்த பையன்களும்தான்.

உச்சியில் ஒரு மூடி திறந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் ஹெல்மெட் எழுந்தது. கயிற்றை மாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியது.

பையன்கள் விசில் அடித்தார்கள். என்ஜினியர் கைதட்டினார். பிரமநாயகம் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினார். ஐம்பது வயதுக்குமேல் ஒருவர் அப்படிக் குதித்து அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. அந்தக் கூத்தில் கோணல் முட்டிப் பேண்டைத் தைத்தது நான்தான், நான்தான் என்று ஊருக்கே சொல்லிவிட்டார்.

அப்புறமும் மனசு ஆறவில்லை. என்ஜினியர் கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“எம்மா மாரி! பேண்ட் எப்படிம்மா இருக்கு? முட்டி பிடிக்குதா? இடுப்பு நிக்குதா?”

கிர்ரென்று இரைந்தது. பிறகு அவள் குரல் வந்தது, மூச்சும் சிரிப்புமாக.

“அண்ணாச்சி! இங்கேருந்து கடல் தெரியுது!”

“பேண்டு! பேண்ட் எப்படி இருக்குன்னு கேக்கேன்!”

“ஒரு கப்பல் போகுது அண்ணாச்சி! நல்லாத் தெரியுது! வெள்ளைக் கப்பல்!”

பிரமநாயகம் தவிப்போடு எமிமாவைப் பார்த்தார்.

“காதுல விழல போல மாஸ்டர். இன்னொருக்கா கேக்கட்டா?”

எமிமா அவர் கையிலிருந்து வாக்கிடாக்கியை வாங்கி என்ஜினியரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“அதான் சொல்லிட்டாளே அண்ணாச்சி.”