ஆசீர் வீட்டுக் கவர்

கணக்கு சுலபமான புதிர் இது. கேட்டு முடித்தபின் யாருக்கும் சோறு இறங்காது. அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

சாத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆசீர் என்று ஒருவர். எந்தப் பணம் வந்தாலும் பத்தில் ஒன்றைக் கவரில் போட்டுச் சபையில் சேர்த்த பிறகுதான் மிச்சத்தைத் தொடுவார். முப்பது வருடப் பிடிவாதம்.

அவருடைய ஒரே மகன் ஜெபசிங் பட்டாசு ஆலை விபத்தில் செத்துப்போனான். ஆலைக்காரர்கள் ஆசீர் கையில் நஷ்டஈடாக ஐந்து லட்சம் கொடுத்தார்கள். ஆசீர் ஐம்பதாயிரத்தைக் கவரில் போட்டார்.

“கர்த்தர் பிள்ளையையே எடுத்துக்கிட்டாரு. இதுலயும் பங்கா?” என்று மனைவி குணமணி அழுதாள்.

மருமகள் பியூலா கைக்குழந்தையோடு வாசற்படியில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அந்தச் சபையில் தசமபாகம் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வாசிப்பது வழக்கம். “ஆசீர் குடும்பம், ஐம்பதாயிரம்” என்றதும் எல்லோரும் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார்கள். பியூலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

பாஸ்டர் எட்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. மதியமே கவரோடு வந்தார். “ஐயா, இத நான் வாங்கியிருக்கவே கூடாது.”

“கர்த்தருக்குக் கொடுத்தத திருப்பி வாங்க மாட்டேன் பாஸ்டர். இது போய்ச் சேராம மிச்சத்தையும் தொட மாட்டேன்” என்றார் ஆசீர்.

“என் பிள்ளை செத்ததுக்குக் கைதட்டுன காசு எனக்கும் வேண்டாம்” என்றாள் குணமணி.

பாஸ்டர் கவரை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் அங்கேயே கிடந்தது. குழந்தையின் பால் பவுடர் டப்பா காலியானது.

கொடுத்தவர், தடுத்தவள், திருப்பியவர். இதில் யார் செய்தது சரி? அந்தக் கவர் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மூவரும் நல்லவர்கள்தான், வயிற்றெரிச்சலே அதுதான். பைபிளின் பழைய சட்டம் பத்தில் ஒன்றைக் கேட்டது விளைச்சலிலும் மந்தையிலும். செத்த பிள்ளை விளைச்சல் இல்லை. அந்தப் பங்கிலும் விதவையும் தகப்பனில்லாப் பிள்ளையும் வயிறார உண்ண வேண்டும் என்றே இருந்தது. புதிய ஏற்பாடோ கட்டாயத்தால் கொடுக்காதே என்றது. ஆகவே கவர் பியூலாவுடையது, மிச்சமும்தான். பாஸ்டர் இதைச் சொல்ல வந்த சனிக்கிழமை, அவள் வேறொரு பட்டாசு ஆலையில் சேர்ந்து முதல் வாரக் கூலியோடு திரும்பியிருந்தாள். பணத்தை மாமனாரிடம் நீட்டி, “மாமா, இதுலயும் பத்துல ஒண்ணு எடுக்கணுமா?” என்று கேட்டாள். அவள் விரல்களில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது.