ஃப்ரீசரின் அடியில் ஒரு டப்பா

“மாதாஜி, எல்லாம் சமைத்து வைத்துவிட்டேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை” என்றாள் உமையாள்.

திங்கட்கிழமை அவளுக்கு இதய ஆபரேஷன். திரும்பி வருவோமா என்ற பயத்தை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய பாத்திரம் நிறையக் கொண்டைக்கடலைக் குழம்பு வைத்து ஃப்ரீசரில் ஏற்றியிருந்தாள். கணவருக்கும் மகனுக்கும் வெந்நீர் போடக்கூடத் தெரியாது. அப்படி வளர்த்துவிட்டவளும் அவள்தான்.

ஆசிரமத்து விமலா மாதாஜி அவளைவிட இளையவர். நீட்டி முழக்குகிறவர் அல்ல.

“எத்தனை நாளைக்கு வரும்?”

“ஒரு மாதம் தாட்டலாம்.”

“அதற்கப்புறம்?”

உமையாள் கிளம்ப எழுந்தாள்.

“நாளைக்கு உன் வீட்டில் பிக்ஷை. அந்தக் குழம்பைத்தான் போட வேண்டும்.”

“ஐயோ! ஃப்ரிட்ஜில் வைத்ததைக் குருவுக்குப் போடுவதா?”

“புருஷனுக்குப் போடலாம், குருவுக்கு ஆகாதா?”

மறுநாள் மாதாஜி இலை முன்னால் உட்கார்ந்தார். சோறு வந்தது. குழம்பு வரவில்லை. சமையலறையிலிருந்து ணங் ணங் என்று சத்தம் மட்டும் வந்தது.

எழுந்துபோய்ப் பார்த்தார். குழம்பு ஒரே பாறையாக உறைந்திருந்தது. உமையாள் கரண்டியால் அதைக் குத்திக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு கரண்டி போதுமே?”

“முழுசும் இளகினால்தான் ஒரு கரண்டி வரும், மாதாஜி.”

“உன் மகன் தினமும் உளி கொண்டு வருவானா?”

உமையாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுப்பில் ஏற்றி இளக்கி, தளதளவென்று கொதிக்க வைத்தார்கள். மாதாஜி ஒரு வாய் சாப்பிட்டார். அவசரமாகத் தண்ணீரைக் குடித்தார்.

“என்னம்மா, இவ்வளவு காரம்?”

“அவர்கள் இரண்டு பேருக்கும் இப்படித்தான் பிடிக்கும்.”

“உனக்கு?”

காதில் விழாத மாதிரி உமையாள் மோர் ஊற்றினாள்.

சாப்பிட்டு எழுந்ததும் மாதாஜி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“டப்பா இருக்கிறதா?”

எந்த வீட்டில் இல்லை? ஹோட்டல் பார்சல் வந்த டப்பாக்களையெல்லாம் கழுவி, பரண் கொள்ளாமல் சேர்த்திருந்தாள். குழம்பு ஆறியதும் வேளைக்கு ஒன்றாக இருவரும் நிரப்பினார்கள். கடலையோடு கிடந்த உருளைக்கிழங்கை மட்டும் மாதாஜி பொறுக்கி வெளியே போட்டார்.

“உறைந்தால் சக்கைதான், பார்த்தாயா? இதுகூடத் தெரியாமல் என்ன குடும்பம் நடத்தினாய்?”

பிறகு ஒரு டப்பாவைத் தனியே எடுத்து, ஃப்ரீசரின் அடியில் தள்ளினார். மற்றதையெல்லாம் அதன்மேல் அடுக்கினார்.

“அது யாருக்கு, மாதாஜி?”

“ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளுக்கு. வந்த அன்றைக்கே அடுப்பு பற்ற வைப்பாயா?”

உமையாள் ஃப்ரீசர் கதவைப் பிடித்தபடி நின்றாள். குளிர்காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

மாதாஜி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். உள்ளே டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“இப்போது என்ன செய்கிறாய்?”

“அடியில் இருப்பதை வெளியே எடுக்கிறேன், மாதாஜி. இந்தக் காரம் எனக்கு ஆகாது. எனக்கு வேறு வைத்துக்கொள்கிறேன்.”